எஞ்சின் இழுக்கும்; டயர்தான் பிடிக்கும்



பாரிட் புந்தாரில் உட்கார்ந்துகொண்டு பனியில் கார் ஓட்டுவதைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். நமது கிரியான் மாவட்டத்தில் நெல் வயல் உண்டு, செம்பனை உண்டு, மிச்சம் மீதியாய்ச் சில ரப்பர் மரங்களும் உண்டு. பனிக்கட்டி வேண்டுமென்றால் மீன் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் நம் பிள்ளைகள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். லயத்தில் பிறந்து தோட்டத் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள் லண்டனில் இருக்கிறார்கள், கனடாவில் இருக்கிறார்கள். தீபாவளிக்குத் தொலைபேசியில் பேசும்போது, "இங்கே பனி கொட்டுகிறது அம்மா" என்கிறார்கள். கேட்கும் தாய்க்கு அந்தப் பனி எப்படி இருக்கும், அதில் தன் பிள்ளை எப்படிக் கார் ஓட்டுகிறான் என்று தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றிய பயம், தெரிந்த பயத்தைவிடப் பெரியது.

என் தங்கைக்கு அந்தப் பயம் வந்தது. அவள் கணவனை இழந்தவள். இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டி, ஒரே மகனைப் படிக்க வைத்தாள். அவன் கனடாவில் வின்னிபெக் என்ற நகரத்தில் வேலைக்குப் போய்க் கல்யாணமும் செய்துகொண்டு, ஒரு குழந்தைக்குத் தகப்பனும் ஆனான். மருமகள் மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கிறாள். பஸ்ஸுக்குக் காத்திருந்து கட்டுப்படியாகவில்லை. கார் வாங்க வேண்டும். கையில் இருப்பதோ அளவான பணம். அதற்கு நான்கு சக்கரமும் இழுக்கும் கார் ஒன்று வாங்கலாம். அல்லது முன்சக்கரம் இழுக்கும் சாதாரணக் கார் வாங்கி, அதற்குக் குளிர்கால டயர் நான்கு போடலாம். இரண்டையும் சேர்த்து வாங்க வழியில்லை.

"அண்ணே, நீ லோரி ஓட்டினவன். நீதான் அவனுக்குச் சொல்லணும்" என்றாள் தங்கை.

நான் தோட்டத்து லோரி ஓட்டியவன்தான். பால் ஏற்றியிருக்கிறேன், உரம் ஏற்றியிருக்கிறேன், விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டு மலைக்குப் போயிருக்கிறேன். பனியைக் கண்டதில்லை. ஆனால் சறுக்கலைக் கண்டிருக்கிறேன். நான் கண்ட சறுக்கலையும் அவர்கள் ஊர்ச் சறுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் அக்காள் தங்கை என்று புரிந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்.

அடைமழைக்குப் பிறகு செம்மண் சாலையில் போயிருப்பவர்களுக்குத் தெரியும். மேலே வெண்ணெய் பூசியதுபோல் ஒரு மெல்லிய சேறு. அடியில் கல்போல் இறுகிய மண். காலி லோரியை மேட்டில் ஏற்றினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதே லோரியில் பால் நிரம்பிய பீப்பாய்கள் இருந்தால் முனகிக்கொண்டே ஏறிவிடும். காரணம் எளிது. அந்தக் காலத்து லோரிகளில் எஞ்சின் முன்னால், இழுக்கும் சக்கரம் பின்னால். சுமை இல்லாவிட்டால் பின்சக்கரத்தை மண்ணோடு அழுத்தப் பாரம் இல்லை. அதனால்தான் காலி லோரியில் பின்சக்கரத்துக்கு மேலே மணல் மூட்டை போட்டுக்கொண்டு போவோம். கனடாவிலும் பின்சக்கரம் இழுக்கும் சிறு லோரிக்காரர்கள் பனிக்காலத்தில் இதே மணல் மூட்டையைப் போடுகிறார்கள். அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? சறுக்கல்தான் சொல்லிக் கொடுத்தது.

கார்களிலும் இந்த வித்தியாசம் உண்டு. நம்மில் மூத்தவர்களுக்கு டாட்சன் 120ஒய் கார் நினைவிருக்கும். அது பின்சக்கர இழுவை. 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவும், 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் முன்சக்கர இழுவை. எஞ்சினின் பாரம் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், வழுக்கலான தரையில் முன்சக்கர இழுவைக் கார் நகரத் தொடங்குவது எளிது. பின்சக்கர இழுவைக் காரோ, வளைவில் கொஞ்சம் அதிகமாக எண்ணெய் கொடுத்தால் வாலைத் தூக்கிப் போட்டுவிடும்.

மூன்றாவது வகை, நான்கு சக்கர இழுவை. இதற்கு நாம் கனடா போக வேண்டியதில்லை. தைப்பிங் போனால் போதும். மேக்ஸ்வெல் மலை என்று நாம் அழைத்த, 1979-இல் புக்கிட் லாரூட் எனப் பெயர் மாறிய மலையின் சாலையை நினைத்துப் பாருங்கள். எழுபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த ஊர் தைப்பிங். அந்தச் சரிவில் பல்லாண்டுக் காலம் மக்களை ஏற்றிச் சென்றவை அரசாங்கத்தின் லேண்ட் ரோவர் வண்டிகள். ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது பிடித்து இழுக்கும் என்பதால்தான் அந்த ஏற்பாடு.

ஆனால் அந்த ஓட்டுநர்கள் இறங்கும்போது எப்படி இறங்குவார்கள் என்று கவனித்தவர்கள் உண்டா? சிறிய கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி, ஆமை வேகத்தில் இறங்குவார்கள். நான்கு சக்கர வண்டிதானே என்று யாரும் பாய்ந்து இறங்கியதில்லை. இதில்தான் விஷயமே இருக்கிறது.

நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி கிளம்பும், மேடு ஏறும், சேற்றிலிருந்து வெளியே வரும். ஆனால் வண்டியை நிறுத்தும் வேலையில் அந்த இழுவைக்குப் பங்கு மிகச் சிறியது. பிரேக் என்பது எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். சக்கரம் நின்ற பிறகு காரை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு. ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான் தரையைத் தொடுகிறது. நான்கு உள்ளங்கை. நீங்களும் உங்கள் பிள்ளை குட்டிகளும் அந்த நான்கு உள்ளங்கையை நம்பித்தான் போகிறீர்கள். எஞ்சின் இழுக்கும், டயர்தான் பிடிக்கும்.

இனி டயருக்கு வருவோம். இங்கேதான் தோட்டத்து மக்களாகிய நமக்கு நிமிர்ந்து உட்காரும் உரிமை இருக்கிறது.

நம் ஊரில் விற்கும் டயர் வெயிலுக்கு என்று செய்தது. கொதிக்கும் தார்ச்சாலையில் உருகாமல், தேயாமல் ஓட வேண்டும் என்பதற்காக அதன் ரப்பரைக் கெட்டியாகச் சேர்க்கிறார்கள். அந்த டயரைக் குளிர்நாட்டுக்குக் கொண்டு போனால், வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் இறுகத் தொடங்கும். இறுகிய டயர் பனியின் மேல் பலகை போல் வழுக்கும். குளிர்கால டயரில் அப்படி இல்லை. கடுங்குளிரிலும் வளைந்து கொடுக்கும் மென்மையான கலவை அது. அந்த மென்மைக்கு உதவும் பொருள்களில் ஒன்று இயற்கை ரப்பர், அதாவது நாம் வெட்டிய பால்.

மரத்துப் பாலில் உருவாகும் ரப்பருக்கு ஓர் அரிய குணம் உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 டிகிரி வரை போனால்தான் அது கண்ணாடிபோல் இறுகும். செயற்கை ரப்பரில் பல வகைகள் அதற்கு வெகு முன்பே இறுகிவிடுகின்றன. எனவே குளிர்கால டயர் செய்பவர்கள் வேறு ரப்பர்களோடும் சிலிக்காப் பொடியோடும் இயற்கை ரப்பரையும் சேர்க்கிறார்கள். விமானம் இறங்கும்போது அத்தனை பாரத்தையும் தாங்குகிற டயரிலும் பெரும்பங்கு இயற்கை ரப்பர்தான்.

உலகின் முதல் குளிர்கால டயர் 1934-இல் பின்லாந்து நாட்டில் லோரிக்காகச் செய்யப்பட்டது. நம் நாட்டு ரப்பரும் இந்த ஆராய்ச்சியில் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட் நகருக்கு அருகே மலேசிய ரப்பர் துறைக்குச் சொந்தமான ஆராய்ச்சிக்கூடம் ஒன்று உண்டு. துன் அப்துல் ரசாக் பெயரைத் தாங்கியது. இயற்கை ரப்பரில் எண்ணெய் சேர்த்துப் பனிக்கு ஏற்ற டயர் செய்வதை மலேசிய ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் ரப்பரின் மேல் பிடித்த வரியிலிருந்து வந்தது. 1877-இல் நமது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் தொடங்கிய கதை இது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் நிரை வெட்டி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துத் தோளில் சுமந்த நம் தாய்மார்களின் கை அதில் இருக்கிறது.

என் தங்கையிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். "உன் மகன் காரைப் பிடித்து நிறுத்தப் போவது நீ வெட்டின பால்தான், தங்கச்சி" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் பனிநாட்டில் இருக்கும் வாசகர்கள், கீழே சொல்வதைக் குறித்து வைத்துக்கொண்டு அவர்களிடம் கேளுங்கள்.

முதலாவது, டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும், அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கிறதா? சோதனையில் தேறிய டயருக்குத்தான் அந்த அடையாளம். 1999 முதல் அது வழக்கில் இருக்கிறது. எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்வது.

இரண்டாவது, நான்கு சக்கரத்துக்கும் போட்டிருக்கிறதா? இழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் இரண்டு போட்டால் போதும் என்று சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. முன்னால் பிடிக்கும், பின்னால் பிடிக்காது. வளைவில் பிரேக் அடித்தால் கார் பின்புறமாகச் சுழன்றுவிடும். நல்ல டயர் இரண்டு போட்டதே வினையாகும்.

மூன்றாவது, டயரின் வயதும் ஆழமும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பழைய டயர் தேயாமல் இருந்தாலும் மென்மை போயிருக்கும். பள்ளத்தின் ஆழமும் முக்கியம். ஆஸ்திரியா நாட்டுச் சட்டம் குளிர்கால டயருக்கு 4 மில்லிமீட்டராவது வேண்டும் என்கிறது.

நான்காவது, காற்று. குளிர் ஏற ஏற டயரில் அழுத்தம் குறையும். வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஏறக்குறைய ஒரு பவுண்டு அழுத்தம் குறைகிறது. மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

ஆணி பதித்த டயரும் உண்டு. கட்டியாக உறைந்த பனிக்கு அது நல்லது. ஆனால் சில இடங்களில் சட்டம் அனுமதிக்காது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். கியூபெக் மாநிலத்தில் 2008 முதல் பனிக்காலத்தில் குளிர்கால டயர் கட்டாயம். வின்னிபெக் இருக்கும் மானிடோபாவில் கட்டாயமில்லை. ஆனால் அங்கே வாகனக் காப்புறுதி நடத்தும் அரசாங்க நிறுவனம், அந்த டயர் வாங்கக் கடன் தரும் திட்டத்தை 2014-இல் தொடங்கியது. காப்புறுதிப் பணம் கொடுப்பவனே கடனும் கொடுக்க வருகிறான் என்றால், அந்த டயர் எத்தனை விபத்தைத் தடுக்கும் என்று அவன் கணக்குப் போட்டிருப்பான் அல்லவா?

நான்கு சக்கர இழுவை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மலைப்பாங்கான ஊரில், பனியை வழித்துத் தள்ளாத சாலையில் குடியிருப்பவர்களுக்கு அது தேவை. வின்னிபெக் நமது கிரியான் வயல்வெளி போலச் சமதளம். பெரிய சாலைகளில் பனியை வழிக்க வண்டிகள் வருகின்றன. அங்கே முதல் வெள்ளி டயருக்கு, மிச்சம் இருந்தால் மற்றதற்கு. மருமகனிடம் இப்படித்தான் சொன்னேன். அவனும் அங்கே நாலு பேரிடம் விசாரித்து, முன்சக்கர இழுவைப் பழைய கார் ஒன்றும், புதிய குளிர்கால டயர் நான்கும் வாங்கினான்.

அடுத்த ஜனவரியில் தங்கையும் நானும் அவனைப் பார்க்கப் போனோம். பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. மூக்கு மரத்துப் போனது. ஒரு சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நாங்கள் மெல்ல நின்றோம். பக்கத்து வரிசையில் ஒரு பெரிய நான்கு சக்கர வண்டி வந்தது. முந்திய விளக்கில் எல்லாரையும் முந்திக்கொண்டு கிளம்பிய வண்டி அது. இப்போது பிரேக் அடித்தும் நிற்காமல், யாரோ தள்ளிவிட்ட கட்டுமரம்போல நழுவிச் சந்திப்பின் நடுவே போய் நின்றது. நல்ல வேளை, எதிரே யாரும் வரவில்லை. "டயர் சரியில்லை மாமா" என்றான் மருமகன். பின்னால் குழந்தையை மடியில் அணைத்த மாதிரி அதன் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்த என் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பதை அவள் அன்று கண்ணால் கண்டாள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கனடாவில் பிள்ளை இல்லாத வாசகர்களே, இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான்.

நம் பனி, மழை. தேய்ந்த டயர் மழைத் தண்ணீரை வெளியே தள்ளாது. டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துகொண்டால் கார் தெப்பம்போல மிதக்கும். டயர்ப் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இரண்டு டயர் மட்டும் மாற்ற முடிகிறதென்றால், முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். பனிக்குச் சொன்ன அதே காரணம்தான். பின்பக்கம் சுழன்றால் காரைப் பிடிப்பது கடினம். பழைய டயர் கடையில் மலையும் பனிப்பூவும் பொறித்த டயர் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். அது பனிக்குச் செய்தது. நம் வெயிலில் குழைந்து வேகமாகத் தேயும்.

எல்லாவற்றையும்விட, மோட்டார் சைக்கிள். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். பாரிட் புந்தாரிலிருந்தும் பாகான் செராயிலிருந்தும் நம் பிள்ளைகள் நிபோங் திபாலுக்கும் பிறைக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். இரவு வேலை, மழை, பக்கத்தில் பாரம் ஏற்றிய லோரிகள். காருக்கு நான்கு உள்ளங்கை. அவர்களுக்கு இரண்டே இரண்டு. ஒன்று விட்டுவிட்டால் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. புதுத் தலைக்கவசம் வாங்கித் தருகிறோம், புதுக் கைத்தொலைபேசி வாங்கித் தருகிறோம். மொட்டை டயரை மட்டும், "அடுத்த சம்பளத்துக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம்.

கனடாவில் தீபாவளி நெருங்கும் மாதங்களில்தான் டயர் கடைகளில் கூட்டம் அதிகம். பனிக்கு முன்னால் மாற்றிவிட வேண்டுமே. நமக்கும் அதே மாதங்களில்தான் அடைமழை பிடிக்கிறது. ஆகவே தாய்மார்களே, இந்த ஆண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் முன், வாசலில் நிற்கும் மகனின் மோட்டார் சைக்கிள் அருகே ஒரு நிமிடம் குனியுங்கள். டயரின் பள்ளத்தில் விரலை வைத்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால், துணிக்கடைக்கு முன் டயர் கடைக்குப் போங்கள். ஒரு சட்டை குறைந்தாலும் பண்டிகை குறையாது.